ஐந்தருவி என்றால் ஏழு

எலுமிச்சை மண்டியில் ஆவுடையப்பனின் துண்டுக்குள் கை கொடுத்தவர்கள் அவரைப் பற்றி ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: வாய் எதையாவது உளறிக்கொண்டிருக்கும், கை மட்டும் சத்தியம்.

தென்காசி மண்டியில் அன்றைக்கு அதுதான் முறை. வாங்குகிறவரும் விற்கிறவரும் வலது கைகளைக் கோத்துக்கொள்ள, மேலே ஒரு துண்டு விழும். துண்டுக்குள் விரல்கள் விலை பேசும். மூட்டைக்குப் பத்து ரூபாய் என்பது எல்லோருக்கும் தெரிந்த அடி. அதற்கு மேல் எத்தனை என்பதுதான் விரலுக்கு வரும். சுற்றி நிற்பவர்களின் காதைத் திருப்புவதற்காக வாய் வேறு எதையாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். சாரல் விழுந்ததா, இலஞ்சியில் யார் வீட்டுக் கல்யாணம், ஆறு ரூபாய்க்குக் கேட்டால் எப்படிக் கட்டுப்படியாகும் என்று. வாய்விட்டுச் சொல்லும் எண் பொய்யாக இருந்தால் யாரும் குற்றம் சொல்வதில்லை. விரல் பொய் சொன்னால் மறுநாள் அவன் துண்டுக்குள் யாரும் கை விடமாட்டார்கள்.

முப்பது வருடம் இப்படியே வியாபாரம் செய்தவர் ஆவுடையப்பன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டால் பிறகு அவரிடம் பேச்சே கிடையாது. கடைத் திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பார். மொட்டைக் கோபுரத்துப் பிளவுக்குள் கிளிகள் போவதும் வருவதும் அங்கிருந்து தெரியும். அவர் கிளிகளைப் பார்த்தாரா, கிளிகள் எதற்காக இந்தப் பக்கம் பார்க்கின்றன என்று யோசித்தாரா என்று கேட்டால், இரண்டாவதுதான் அவருக்குப் பொருந்தும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் கடை பெருத்துவிட்டது. மாட்டுவண்டிச் சரக்கில் தொடங்கியது, வாரத்துக்கு இரண்டு லாரி ஆரியங்காவு வழியாகக் கொல்லம் போகிற அளவுக்கு வந்தது. கொல்லத்தில் மொத்தமாக எடுப்பவர் மத்தாய் முதலாளி. வழக்கமாக அவரே ரயிலேறி வந்து துண்டுக்குள் கை விடுவார். அந்த வருடம் காலில் நீர் கோத்து அவரால் நடக்க முடியாமல் போனது. கடையில் டெலிபோன் வையுங்கள், இல்லாவிட்டால் புளியங்குடிக்காரரிடம் பார்த்துக்கொள்கிறேன் என்று ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார்.

மனைவியின் தம்பி நல்லகண்ணு கடையில் பாதிப் பங்குக்காரன். அவனுக்குக் கொண்டாட்டமாகப் போயிற்று.

“அத்தான், ஒலகம் எங்கயோ போகுது. நாம இன்னும் துண்டுக்குள்ள கைய விட்டுத் துழாவிக்கிட்டு இருக்கோம்.”

“துண்டுக்குள்ள எதிராளி கை வேர்த்தா எனக்குத் தெரியும். ஒயருக்குள்ள என்னத்தத் தெரியும்?”

“வேர்வ தெரியாது. வெல தெரியும். அது காணாதா?”

ஆவுடையப்பன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். ஆறு மாதம் கழித்து டெலிபோன் வந்தது. நம்பர் நாற்பத்தேழு. கறுப்பாக, கனமாக, கடைக்கு முன்பக்க மேஜையில் பூனை மாதிரி உட்கார்ந்தது. வந்த முதல் காரியமாக அவர் தம் நாற்காலியைத் திருப்பிப் போட்டார். முதுகு சுவரோடு, முகம் தெருவோடு. பின்னாலிருந்து எவனும் வந்து காது கொடுக்க முடியாது.

ஆனால் கருவிக்குள்ளேயே ஒருத்தி இருந்தாள். ரிசீவரை எடுத்ததும், “நம்பர் ப்ளீஸ்” என்றாள். கொல்லம் என்று சொன்னால், “வையுங்க அண்ணாச்சி, கெடச்சதும் கூப்பிடுதேன்” என்றாள். பேசிக்கொண்டிருக்கும்போதே குறுக்கே புகுந்து, “மூணு நிமிஷம் ஆச்சு” என்றாள்.

“இது யாரு?” என்று அவர் நல்லகண்ணுவிடம் கேட்டார்.

“எக்ஸ்சேஞ்ச் பிள்ள. சுகிர்தம்னு பேரு. தபாலாபீஸ் மாடியில இருக்கா.”

“நாம பேசுதது அவளுக்குக் கேக்குமா?”

“கேட்டாத்தான அத்தான், லைன் இருக்கா அறுந்துபோச்சான்னு தெரியும்?”

“அப்போ கேக்கா” என்றார் ஆவுடையப்பன்.

எதிர்வரிசையில் பலவேசத்தின் எலுமிச்சைக் கடை. சின்னக் கடைதான். டெலிபோன் கிடையாது. டெலிபோன் வந்த மூன்றாவது வாரம் பலவேசத்தின் சரக்கும் வாடகை லாரியில் கொல்லம் போயிற்று. மத்தாய் முதலாளி கடைக்கு அடுத்த கடையில் இறங்கியது. ஆவுடையப்பன் டெலிபோனில் சொன்ன விலைக்குச் சரியாக ஒரு ரூபாய் குறைவு. ஒரு தடவை என்றால் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அடுத்த வாரமும் அதே ஒரு ரூபாய். அதற்கடுத்த வாரமும்.

மத்தாய் முதலாளி டெலிபோனில் சத்தம் போட்டார். “ஞான் பதினெட்டுக்கு வாங்குன்னு. அடுத்த கடைக்காரன் பதினேழுக்கு வாங்கி எனிக்கு முன்னே விற்குன்னு. இப்படி வியாபாரம் பற்றில்ல, ஆவுடையப்பா!”

முதலில் நல்லகண்ணு மேல்தான் சந்தேகம் விழுந்தது. சொந்த மைத்துனன் என்பது ஆவுடையப்பனுக்குச் சந்தேகத்தைக் குறைக்கிற காரணமாகப் படவில்லை. கொல்லத்துக்குப் பேசுகிற நாளாகப் பார்த்து அவனைப் பழம் பார்க்கப் புளியங்குடிக்கு அனுப்பினார். இரண்டு வாரம் அனுப்பினார். இரண்டு வாரமும் விலை வெளியே போயிற்று. நல்லகண்ணு இல்லை. அப்புறம் மிச்சம் யார்? கடையில் அவர் ஒருவர், ஒயரின் அந்த முனையில் மத்தாய், நடுவில் அவள்.

யோசித்து ஒரு வழி கண்டார். எண்களுக்குக் குற்றாலத்து அருவிகளின் பெயரை வைத்தார். தேனருவி ஒன்று, செண்பகா இரண்டு என்று போய், சிற்றருவி எட்டு, புலியருவி ஒன்பது. ஐந்தருவியை வேண்டுமென்றே ஏழாக வைத்தார். எவளாவது கேட்டால் ஐந்து என்றுதானே நினைப்பாள்! பட்டியலை லாரி டிரைவர் கையில் ஒட்டிய உறையாகக் கொடுத்து மத்தாய்க்கு அனுப்பினார்.

“ஐந்தருவியில தண்ணி நல்லா விழுது முதலாளி” என்றார் அடுத்த செவ்வாய், குரலைத் தாழ்த்தி.

“பதினஞ்சோ? கொள்ளாம், கொள்ளாம்!”

“ஐந்தருவி... ஐந்தருவி முதலாளி. காகிதத்தப் பாருங்க.”

கொஞ்ச நேரம் காகிதம் புரளும் சத்தம். பிறகு ஆரியங்காவுக்கு இந்தப் பக்கம் டெலிபோன் இல்லாமலே கேட்டிருக்கும்: “அஞ்சருவி எங்ஙனெயா ஏழாவுன்னது?”

ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டார். ஒயருக்குள் எங்கோ ஒரு மூச்சு கேட்டது. சிரிப்பை அடக்கும் மூச்சு மாதிரி இருந்தது. இரண்டு நாள் கழித்து அவர் ரிசீவரை எடுத்தபோது, “அண்ணாச்சி, குத்தாலத்துல தண்ணி எப்படி விழுது? எங்க வீட்டு ஆளுவ பாவூர்சத்திரத்துலேருந்து குளிக்க வரணும்னு நிக்காவ” என்றாள் சுகிர்தம். அந்தக் கேள்வியை அவர் ஒரு வாரம் மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாட்சி அகப்பட்டுவிட்டது என்று நினைத்தார்.

ஆனாலும் நியாயஸ்தர் அவர். பொறி வைத்துப் பார்க்காமல் பழி போடக் கூடாது. மத்தாய்க்குத் தம் கையாலேயே ஒரு கடிதம் எழுதித் தபாலில் போட்டார். வெள்ளிக்கிழமை டெலிபோனில் ஐந்தருவி என்பேன். அதை நம்ப வேண்டாம். நிஜ விலை புலியருவி. நல்லகண்ணுவுக்குக்கூட இது தெரியாது. அவள் காட்டிக்கொடுத்தால் பலவேசம் பதினேழுக்கு ஒன்று குறைத்துப் பதினாறுக்குச் சரக்கு அனுப்புவான். அனுப்பட்டும்.

வெள்ளிக்கிழமை டெலிபோனில் தெளிவாக, நிறுத்தி, “ஐந்தருவி முதலாளி, ஐந்தருவி” என்றார்.

பலவேசத்தின் சரக்கு பதினெட்டுக்கு இறங்கியது.

பத்தொன்பதில் ஒன்று குறைவு. வாய் சொல்லாத எண் வெளியே போயிருந்தது. அந்த எண் உலகத்தில் ஒரே ஒரு காகிதத்தில்தான் இருந்தது. அந்தக் காகிதம் போன வழி தபாலாபீஸ். தபாலாபீஸ் மாடியில்தான் அவள். அப்படியென்றால் காது மட்டும் இல்லை, உறையையும் பிரிக்கிறாள்.

மனு எழுதினார். சந்தேகத்தில் அவருக்குத் தமிழ் நன்றாக வந்தது. ஒன்றரைப் பக்கம். கொண்டுபோய்ப் போஸ்ட்மாஸ்டரிடம் நீட்டினார். அவர் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“அண்ணாச்சி, இந்தப் பிள்ள மூணு வருஷமா டெம்பரவரி. அடுத்த மாசம் நிரந்தர ஆர்டர் வரணும். இந்தக் காகிதம் மேல போச்சுன்னா ஆர்டர் வராது. வேலையும் போயிரும். நிச்சயமாத் தெரியுமா உங்களுக்கு?”

“தெரியாம எழுதுவனா?”

“மேலதிகாரி வியாழக்கிழமை திருநெல்வேலியிலேருந்து வருதாரு. அவரு முன்னால வந்து வாயால சொல்லணும்.”

“சொல்லுதேன்” என்றார் ஆவுடையப்பன்.

வியாழக்கிழமை காலையில் நல்ல சாரல். வழக்கமான நாள் இல்லைதான். மத்தாய் அவசரமாகச் சரக்கு கேட்டிருந்தார். வாசலில் கொல்லத்து லாரி உறுமிக்கொண்டு நின்றது. லாரிக்கும் கடைக்கும் நடுவில், தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு பாலம்மாள் மூட்டைகளின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருடமாக இந்தக் கடைக்குக் கோணி தைப்பவள். ஆவுடையப்பன் ரிசீவரை இடது கையால் வாயோடு ஒட்டிப் பிடித்து, உதடு அசைவது தெரியாமல், சிற்றருவி என்று சொல்லிவிட்டு வைத்தார்.

“அண்ணாச்சி!” லாரிச் சத்தத்துக்கு மேலே பாலம்மாள் கத்தினாள். “எட்டுதானா இன்னைக்கி? போன வெள்ளிக்கிழம ஒம்பது காட்டுனிய!”

அவர் எழுந்து வெளியே வந்தார். சாரல் முகத்தில் அடித்தது. “என்னது?”

“இல்ல, எறங்கிப்போச்சேன்னு கேட்டேன்.”

“ஒனக்கு யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? நீங்கதான் சொன்னிய.”

“நானா? நான் வாயத் தெறக்கலியே!”

“வாய யாரு கண்டா இந்த எரச்சல்ல. ஒங்க கை சொல்லுச்சு.” கோணி ஊசியைச் சாக்கில் குத்தி நிறுத்திவிட்டு, அவள் தன் வலது கையைத் தூக்கிக் காட்டினாள். இல்லாத ஒரு கையைப் பிடிப்பது போல ஐந்து விரலும் மடங்கின, விரிந்தன, பிறகு மூன்று விரல் மட்டும் மடங்கின. ஐந்தும் மூன்றும் எட்டு. “இந்தக் கையி போனப் புடிச்சிருக்கு, அந்தக் கையி வெல பேசுது. அன்னைக்கும் அப்படித்தான், அஞ்சு, பொறவு நாலு. மண்டியில பொழைக்கவளுக்கு இதுகூடத் தெரியாதா?”

ஆவுடையப்பன் தம் கையைப் பார்த்தார். அது ஒன்றும் அறியாதது மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

“எத்தன நாளா?”

“போன் வந்த நாளுலேருந்து. தெரு பூரா பாக்குதாவளே! ஒங்க மணி அடிச்சா பலவேசம் அண்ணாச்சி நாற்காலிய இங்கன திருப்பிப் போட்டுல்லா உக்காருதாவ. சினிமா கெட்டது போங்க.”

“ஏட்டி, நீ ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“நீங்க கேட்டியளா? போன் வந்த பவுசுல ஊருக்குக் காட்டுதாவன்னு நெனச்சேன்.” அவள் ஊசியை உருவிக்கொண்டாள். “நாற்காலியத் தெருவப் பாத்துப் போட்டது நீங்கதான?”

அவர் உள்ளே போய் உட்கார்ந்தார். சுவருக்கு முதுகு, தெருவுக்கு முகம். எதிரே பலவேசம் கடை வாசலில் இரண்டு பேர் ஏணி வைத்து ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். பலவேசத்துக்கும் டெலிபோன் வந்துவிட்டது. இவர் கையைப் பார்த்துப் பார்த்தே அவன் கடை பெருத்திருக்கிறது. நினைக்க நினைக்க எல்லாம் ஒழுங்காகப் பொருந்தியது. நல்லகண்ணு புளியங்குடியில் இருந்தபோதும் போனது பொருந்தியது. ஐந்தருவி என்று வாய் சொன்னபோது, வாயில் பொய் வைத்துக் கையில் நிஜம் சொல்லியே பழகின உடம்பு புலியருவியைக் காட்டியதும் பொருந்தியது. பொருந்தாத ஒன்று அந்த மனு.

பதினொரு மணிக்குப் போக வேண்டும். போகாமல் இருந்தாலே போதும் என்று ஒரு எண்ணம் வந்தது. மனு தானாகச் செத்துப்போகும். அப்படிச் சாகுமா? காகிதம் சாவதை அவர் கண்டதில்லை. பத்தே முக்காலுக்குத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

மேலதிகாரி மாடி அறையில் வழுக்கைத் தலையும் சளியுமாக உட்கார்ந்திருந்தார். மனு மேஜையில் விரிந்து கிடந்தது. சுகிர்தத்தை உள்ளே கூப்பிடவில்லை. நடுக் கதவு திறந்திருந்தது. அதன் வழியே எக்ஸ்சேஞ்ச் பலகைக்கு முன்னால் அவள் முதுகு தெரிந்தது. மெலிந்த முதுகு, இறுக்கிப் பின்னிய சடை. திரும்பிப் பார்க்கவில்லை.

“மனுவத் திரும்ப வாங்கிக்கிடுதேன்” என்றார் ஆவுடையப்பன்.

“ஏன்? அந்தப் பிள்ள வீட்டு ஆளுக வந்து பேசினாங்களா?”

“இல்ல. தப்பா எழுதிட்டேன்.”

“ஒன்றரைப் பக்கம் தப்பா எழுதுவீங்களா?” அதிகாரி மூக்கை உறிஞ்சினார். “வாபஸ்னு மட்டும் எழுதினா ஃபைல்ல சந்தேகம் நிக்கும். சந்தேகம் நின்னா ஆர்டரும் நிக்கும். தகவல் எப்படி வெளிய போச்சு, அதச் சொல்லுங்க.”

ஆவுடையப்பன் கணக்குப் போட்டுப் பார்த்தார். சொன்னால் நாளைக்கு மண்டி முழுக்கத் தெரியும். மண்டிக்கு ஏற்கனவே தெரியும். தெரியாமல் இருந்தது அவர் ஒருவருக்குத்தான். இனித் தெரியப்போவது அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது. பலவேசம் சிரிப்பதை இப்போதே கேட்க முடிந்தது. மத்தாய் முதலாளிக்குப் போகும். கொல்லத்து வியாபாரம் நிலைக்குமோ போகுமோ. அந்தப் பக்கத்து அறையில் பின்னிய சடை அசையாமல் இருந்தது.

“என் கடையிலேருந்துதான் போச்சு.”

“யாரு மூலமா?”

“என் மூலமா. போன்ல பேசையில கை... கை வெலயக் காட்டுது. எனக்குத் தெரியாம.”

அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். குடிப்பவரா என்று யோசித்திருக்கலாம். பிறகு ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். “அத அப்படியே எழுதுங்க. கைப்பட.”

எழுதினார். மனுவுக்கு ஒன்றரைப் பக்கம் வந்த தமிழ் இதற்கு நாலு வரி வருவதற்குள் வேர்த்துவிட்டது.

வெளியே போகும் வழி எக்ஸ்சேஞ்ச் அறையைத் தாண்டித்தான். தாண்டிப் போயிருக்கலாம். நின்றார்.

“பிள்ள... நான்தான். நாப்பத்தேழு.”

“குரல் தெரியும் அண்ணாச்சி.” அவள் திரும்பினாள். இருபத்தைந்து வயது இருக்கும். கண் சிவந்திருந்தது, முகத்தில் நன்றி மாதிரி எதுவும் இல்லை. “எல்லாம் காதுல விழுந்துச்சு. எனக்குத்தான் எல்லாமே விழுமே.”

அவருக்கு உள்ளே ஒன்று இன்னும் அரித்துக்கொண்டிருந்தது. கேட்டுவிட்டார்.

“அருவி விவரம்... ஒனக்குத் தெரியுமா?”

“சிற்றருவி எட்டு, ஐந்தருவி ஏழு. மூணாவது நாளே தெரியும். கொல்லத்து முதலாளி போட்ட சத்தத்துல செங்கோட்ட எக்ஸ்சேஞ்ச் மாமாவுக்கே தெரிஞ்சிருக்கும்.”

“அப்போ கேட்டிருக்க.”

“கேட்டேன். கேக்கதுக்குத்தான் சம்பளம்.”

“யாருகிட்டயும்...”

“யாருகிட்டச் சொல்ல? எலுமிச்சம்பழ வெல தெரிஞ்சு நான் என்ன ஊறுகாயா போடப்போறேன்?” அவள் பென்சிலை மேஜையில் வைத்தாள். “இந்த ஊருல யாரு யாருகிட்ட என்ன பேசுதா, எல்லாம் எனக்குத் தெரியும் அண்ணாச்சி. எங்க அம்மகிட்டகூட வாயத் தெறந்ததில்ல. நீங்க ஒருத்தர்தான் எழுதிக் குடுத்திய.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். வெளியே சாரல் ஓட்டின் மேல் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. மன்னிப்பு என்ற சொல்லைத் தேடினார். அப்போது பலகையில் ஒரு சின்ன மூடி, அழைப்பு வந்ததற்கு அடையாளமாக, டக்கென்று கீழே விழுந்தது. அதன் அடியில் ஐம்பத்திரண்டு என்று எழுதியிருந்தது.

சுகிர்தம் அந்தப் பக்கம் திரும்பி ஒயரைச் சொருகினாள். “நம்பர் ப்ளீஸ்... ஆமா, பலவேசம் அண்ணாச்சி, கனெக்‌ஷன் வந்திருச்சு. சொல்லுங்க... கொல்லமா? கொல்லத்துல எந்த நம்பர்?”

அவள் பென்சிலை எடுத்தாள். ஆவுடையப்பனின் காது தானாகவே கூர்மையாயிற்று. கொல்லத்தில் மத்தாய் முதலாளியின் நம்பர் அவருக்குத் தலைகீழாகத் தெரியும். அடுத்த கடைக்காரரின் நம்பரும் தெரியும். இரண்டில் எது என்று தெரிந்தால் போதும். அவள் அந்த எண்ணைத் திருப்பிச் சொல்லித்தான் எழுதுவாள். எல்லாருக்கும் அப்படித்தான் செய்வாள். இன்னும் இரண்டு அடி கிட்டே போனால் எழுதுவதையே பார்த்துவிடலாம்.

சுகிர்தம் சொல்லவில்லை. வாய்க்குழலை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். பென்சில் தாளைத் தொடாமல் நின்றது. அவரைப் பார்த்தாள், கோபமாகப் பார்க்கவில்லை. லைன் கிடைக்கும்வரை காத்திருக்கிறவள் பார்ப்பது போலப் பொறுமையாகப் பார்த்தாள்.

காதுக்குழலுக்குள் பலவேசத்தின் குரல், “அலோ, அலோ, ஏ பிள்ள, எழுதிக்கிட்டியா?” என்று ஈ மாதிரி கத்தியது.

ஆவுடையப்பன் ஒரு மூச்சு நேரம் நின்றார். பிறகு இன்னொரு மூச்சு நேரமும் நின்றார்.

“படி அந்தப் பக்கம் அண்ணாச்சி” என்றாள் சுகிர்தம்.

“தெரியும்” என்றார் அவர். மாடிப்படியில் வேண்டுமென்றே செருப்புச் சத்தம் பலமாகக் கேட்கும்படி இறங்கினார். கடைசிப் படி வரைக்கும் மேலே அவள் ஒன்றும் பேசவில்லை.